எக்ஸ்ட்ரா வேலைக் கணக்கை ஆப்பிலிருந்து எடுத்துவைக்கப் பயனுள்ள குறிப்புகள்

போட்ட எஸ்டிமேட்டோடு எந்த வீடும் முடிவதில்லை. ஜன்னல் ஒன்றரை அடி தள்ளிப் போகும். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டோர் ரூம் முளைக்கும். வாசல் நிலை வேங்கையிலிருந்து தேக்குக்கு மாறும். ஒப்பந்தம் போட்ட பிறகு வரும் இந்த வேலைகளைச் சைட்டில் ‘எக்ஸ்ட்ரா’ என்போம். மென்பொருள்களில் ‘சேஞ்ச் ஆர்டர்’ என்று இருக்கும். முன்பு மேஸ்திரியின் டைரியில் இருந்த கணக்கு இப்போது ஆப்பில் ஏறிவிட்டது. பெரிய புராஜெக்ட்களில் புரோகோர், ஆட்டோடெஸ்க் பில்டு போன்றவை. சிறிய பில்டர்களிடம் யாரோ செய்துகொடுத்த செயலி, இல்லையென்றால் ஸோஹோவில் அமைத்த ஒரு படிவம்.

ஆப்பில் ஏற்றுவதில் காட்டும் அக்கறையை அதை வெளியே எடுத்துவைப்பதில் பலரும் காட்டுவதில்லை. தகராறு வருவதோ வேலை முடிந்து, ஆப்பின் சந்தா நின்று, சைட் இன்ஜினியரும் வேறு கம்பெனிக்குப் போன பிறகுதான். அப்போது தொகை மட்டும் கையில் இருந்து பயனில்லை. யார் கேட்டார்கள், யார் ஒத்துக்கொண்டார்கள், என்றைக்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதும் சேர்ந்து இருக்க வேண்டும். பில்டர் ஆபீசில் கணக்கு பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் 2, 4, 18 ஆகிய மூன்றையாவது படித்துவிடுங்கள்.

1. முதலில் வகை பிரியுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில் 12ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே உள்ள வேலையின் அளவு கூடினாலோ குறைந்தாலோ அது டீவியேஷன். ஒப்பந்தத்திலேயே இல்லாத வேலை எக்ஸ்ட்ரா ஐட்டம். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் சப்ஸ்டிட்யூட்டட் ஐட்டம். தனியார் வீட்டுக்கும் இந்தப் பிரிவினை அப்படியே பொருந்தும். அளவு கூடும் வேலைக்கு ஒரு வரம்பு வரை ஒப்பந்த ரேட்டே போதும். புது வேலைக்கு ரேட் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆகவே வகை தெரியாத தொகையை வைத்துக்கொண்டு பிறகு ரேட்டைச் சரிபார்க்கவே முடியாது. உங்கள் ஆப்பில் வகைக்கு ஒரு கட்டம் இல்லையென்றால், தரவை எடுக்கும் வேலையை ஆரம்பிக்கும் முன்பே அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

2. ஷீட்டில் என்னென்ன காலம் (நெடுவரிசை) வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து எழுதிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். சைட்டுக்கு வந்த வீட்டுக்கார அம்மா கேட்கிறார்: “அண்ணே, பாத்ரூம்ல டைல்ஸை சீலிங் வரைக்கும் ஒட்டிடலாமா?” மேஸ்திரி சொல்கிறார்: “ஒட்டிடலாம்மா, அதுக்கென்ன.” இவ்வளவுதான் பேச்சு. ஆனால் கணக்கு இதோடு நிற்காது.

பாத்ரூம் எட்டுக்கு ஐந்து அடி. சுற்றளவு 26 அடி. ஒப்பந்தப்படி டைல்ஸ் 7 அடி உயரம், சீலிங் 10 அடி. கூடுதல் உயரம் 3 அடி. கதவு 7 அடியோடு முடிந்துவிடுவதால் அதற்குக் கழிக்க வேண்டியதில்லை. ஆக 78 சதுரடி. டைல்ஸும் கூலியும் சேர்த்துச் சதுரடிக்கு 120 ரூபாய் என்று வைத்தால் 9,360 ரூபாய். பல பில்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த 78 சதுரடியில் அடிக்க வேண்டியிருந்த புட்டியும் பெயின்ட்டும் இப்போது தேவையில்லை. சதுரடிக்கு 20 ரூபாய் என்றால் 1,560 ரூபாய் கழிய வேண்டும். நிகரம் 7,800 ரூபாய்.

இந்த ஒரு மாற்றத்துக்கு வேண்டிய காலங்கள்: மாற்ற எண், எந்தப் புராஜெக்ட், எந்த இடம், வகை, விவரம், அளவு, யூனிட், ரேட், கூடுதல் தொகை, கழிவுத் தொகை, கேட்டவர், கேட்ட தேதி, ஒப்புதல் தந்தவர், ஒப்புதல் தேதி, கூடுதலாகும் நாட்கள். கடைசிக் காலத்தை விட்டுவிடாதீர்கள். வேலை தாமதமானதற்குக் காரணம் கேட்கும் நாளில் பதில் சொல்லப்போவது அதுதான். கழிவுத் தொகையையும் நிகரத்தில் கலந்துவிடாமல் தனியாக எடுங்கள். நிகரத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கழித்தீர்களா இல்லையா என்று எப்படித் தெரியும்?

3. பட்டனா, ஏபிஐயா? பெரும்பாலான ஆப்களில் ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் பிடிஎஃப் அல்லது எக்செல் வரும். ஏபிஐ என்பது உங்கள் புரோகிராம் அந்த ஆப்பின் சர்வரிடம் நேரடியாகக் கேட்டுத் தகவல் வாங்கும் வழி. ஒரு வீடு, இருபது முப்பது மாற்றங்கள் என்றால் பட்டனே போதும்; ஏபிஐக்குப் புரோகிராமரைத் தேடி அலைய வேண்டாம். பல சைட்கள், வாராவாரம் புதுக் கணக்கு, டேலிக்கும் போக வேண்டும் என்றால் மட்டும் ஏபிஐ. இன்னொரு காரணமும் உண்டு. பட்டன் தரும் எக்செல்லில் பெரும்பாலும் திரையில் தெரியும் காலங்கள்தான் வரும். ஒப்புதல் எந்தக் கைகளின் வழியாகப் போனது என்ற வரலாறு வேண்டுமென்றால் ஏபிஐ வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

4. நிலையைச் சேர்த்து எடுங்கள். டிராஃப்ட், ஒப்புதலுக்குக் காத்திருப்பது, ஒப்புதலானது, நிராகரித்தது, ரத்தானது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிலை உண்டு. பலர் ஒப்புதலானதை மட்டும் எடுக்கிறார்கள். கூட்டிப் பார்க்க அது சரி, எடுத்துவைக்கச் சரியில்லை. ‘நான் வேண்டாம் என்று சொன்னேனே’ என்று வீட்டுக்காரர் கேட்டால், நிராகரித்த பதிவு இருந்தால்தான் பதில் இருக்கும். எல்லா நிலைகளையும் எடுத்து, கூட்டும்போது மட்டும் வடிகட்டுங்கள். வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ‘காத்திருப்பது’ என்ற நிலையில் இருக்கும் வேலை சைட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அன்றைக்கே கேளுங்கள். பூச்சு முடிந்த பிறகு உள்ளே என்ன மாறியது என்று யாராலும் காட்ட முடியாது.

5. ஒரே தொகை இரண்டு முறை ஏறாமல் பாருங்கள். இதில்தான் அதிகப் பேர் தடுமாறுகிறார்கள். புரோகோரில் மாற்றத்தை ஒரே படியில் முடிப்பதா, இரண்டு மூன்று படிகளாக நடத்துவதா என்பதைப் புராஜெக்ட் அமைப்பிலேயே முடிவு செய்கிறார்கள். மூன்று படி என்றால் முதலில் ‘வரக்கூடிய மாற்றம்’ என்று தனித்தனியாகப் பதிவாகும். பிறகு சில சேர்ந்து ஒரு கோரிக்கையாகும். கோரிக்கைகள் சேர்ந்து கடைசியில் ஒரு சேஞ்ச் ஆர்டராகும். ஆட்டோடெஸ்க்கிலும் இதே போல் பல கட்டங்கள் உண்டு. உரிமையாளருக்குப் போவது ஒன்று, சப் கான்ட்ராக்டருக்குப் போவது இன்னொன்று.

நம் 7,800 ரூபாய் டைல்ஸ் முதல் படியிலும் இருக்கும், கோரிக்கைக்குள்ளும் இருக்கும், ஆர்டருக்குள்ளும் இருக்கும். மூன்றையும் இறக்கி மொத்தம் போட்டால் 23,400 ஆகிவிடும். அது தவறு என்று எந்த மென்பொருளும் சொல்லாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி ஷீட் வையுங்கள். கீழ்ப்படியில் உள்ள ஒவ்வொரு வரியிலும் அது எந்த மேல்படி ஆர்டருக்குள் போனது என்ற எண்ணை எழுதுங்கள். மொத்தத்தை மேல்படியிலிருந்து மட்டும் எடுங்கள்.

உரிமையாளர் தர வேண்டியதும் சப் கான்ட்ராக்டருக்குத் தர வேண்டியதும் ஒரே ஷீட்டுக்குள் வரவே கூடாது. ஒன்று வரவு, ஒன்று செலவு. டைல்ஸ் ஒட்டுபவருக்கு 78 சதுரடிக்குத் தரும் கூலி உங்கள் வீட்டுக்காரரின் கணக்கில் தெரிந்துவிட்டால் தேவையில்லாத பேச்சு வரும்.

6. சாவியைத் தனியாக வாங்குங்கள். ஏபிஐக்குள் நுழைய ஒரு ரகசியச் சாவி வேண்டும். முதலாளியின் சொந்த லாகின்னை அதற்குக் கொடுக்காதீர்கள். இதற்கென்று தனி சர்வீஸ் அக்கவுன்ட் கேட்டு வாங்குங்கள்; படிக்க மட்டும் அனுமதி இருந்தால் போதும், எழுத, அழிக்க வேண்டாம். சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, எக்செல்லின் ஓரத்தில் எழுதிவைப்பது இரண்டும் ஆபத்து. வேலை பார்த்த புரோகிராமர் விலகிய அன்றே சாவியை மாற்றுங்கள்.

7. அந்த அக்கவுன்ட் எல்லாப் புராஜெக்ட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஆப்களில் ஒரு அக்கவுன்ட்டைச் சேர்த்துவிட்ட சைட்கள் மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். புதிதாக ஒரு சைட் தொடங்கி, அதில் சர்வீஸ் அக்கவுன்ட்டைச் சேர்க்க மறந்தால் எந்தப் பிழையும் வராது. அந்தச் சைட் பட்டியலில் இல்லாமலே போகும். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் சைட் பட்டியலோடு இறக்கிய பட்டியலை மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

8. முதலில் ஒரே ஒரு பதிவு. போஸ்ட்மேன் என்ற கருவியில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கேட்டு, ஜேசான் என்ற தரவு வடிவில் வரும் பதிலைத் திரையில் ஒருபக்கமும், ஆப்பில் அதே மாற்றத்தை இன்னொரு பக்கமும் திறந்துவைத்துக் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். அன்று செலவாகும் அரை நாள் பிறகு பல நாளை மிச்சம் பிடிக்கும். ஒப்பிடுவதற்குக் கழிவு உள்ள ஒரு மாற்றத்தையும், தமிழில் விவரம் எழுதிய ஒரு மாற்றத்தையும், கையெழுத்துத் தாள் இணைத்த ஒரு மாற்றத்தையும் தேர்ந்தெடுங்கள். சுலபமான பதிவை எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

9. பக்கம் பக்கமாக வரும். ஏபிஐ எல்லாவற்றையும் ஒரே தடவையில் தராது. ஒரு பக்கத்துக்கு நூறு என்று வைத்தால், 237 மாற்றங்கள் மூன்று பக்கமாக வரும்; மூன்றாவதில் 37 இருக்கும். முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டால் கையில் சரியாக நூறு வரி இருக்கும். எண்ணிக்கை இப்படி முழு நூறாகவோ ஐம்பதாகவோ வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். பதிலின் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை என்று சொல்லும் ஆப்கள் உண்டு. அந்த எண்ணையும் எடுத்து எழுதிவைத்துச் சரிபாருங்கள்.

10. பிழை எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 401 என்றால் சாவி செல்லாது அல்லது காலாவதி. புதிதாக வாங்க வேண்டும். 403 என்றால் நீங்கள் யார் என்று தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை. 429 என்றால் அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதும் பல சமயம் பதிலிலேயே இருக்கும், அவ்வளவு நேரம் பொறுங்கள். பாதியில் நின்ற இறக்கத்தை முழுதென்று சேமித்துவிடக் கூடாது. எல்லாப் பக்கமும் வந்து முடிந்த பிறகே பழைய பைலின் இடத்தில் புதியதை வையுங்கள்.

11. தேதி ஒரு நாள் பின்னால் போகும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உலகம் முழுவதும் விற்கும் மென்பொருள்கள் நேரத்தை யூடிசி என்ற பொது நேரத்தில் வைத்திருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 2025 ஏப்ரல் 1 அன்று ஒப்புதல் என்று நீங்கள் தேதியை மட்டும் குறித்தால், ஆப் அதை ஏப்ரல் 1 நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டு, மார்ச் 31 மாலை 6.30 யூடிசி என்று சேமிக்க வாய்ப்புண்டு. ஏபிஐயில் வருவது அந்த மார்ச் 31தான். நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தேதியை மட்டும் எக்செல்லில் போட்டால் ஒப்புதல் ஒரு நாள் முந்திப் போகும். இந்த உதாரணத்தில் நிதியாண்டே மாறிவிடும்.

அதனால் வந்த நேரத்தை முதலில் ஐந்தரை மணி கூட்டி நம் நேரமாக்குங்கள். பிறகு தேதியைப் பிரியுங்கள். சர்வர் தந்த அசல் வடிவத்தையும் பக்கத்திலேயே இன்னொரு காலத்தில் அப்படியே வைத்திருங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால், அமெரிக்கப் பழக்கப்படி மாதம் முன்னால் வந்து 4/1 ஜனவரி 4 ஆகிப்போகும் குழப்பமும் வராது.

12. பணத்தை எழுத்தாக வாங்கி எண்ணாக மாற்றுங்கள். சில ஆப்கள் தொகையை மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்பும். தசமத்தில் பைசா பிசகாமல் இருக்கத்தான் அப்படி. அதை எக்செல்லில் போட்டால் கூட்டல் பூஜ்யமாக நிற்கும். மாற்றும்போது கழித்தல் குறி போய்விடுகிறதா என்று பாருங்கள்; கழிவுகள் கூடுதலாக மாறிவிட்டால் ஒவ்வொரு வரியிலும் இரட்டிப்பு வித்தியாசம் வரும். லட்சக் கணக்கில் போடும் காற்புள்ளியை, காற்புள்ளியாலேயே காலங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி பைலில் போடாதீர்கள்: 1,25,000 மூன்று காலமாகப் பிரிந்துவிடும். ஜிஎஸ்டி தொகைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதற்கும் ஒரு தனிக் காலம் வேண்டும்.

13. தமிழ் எழுத்து உடையாமல் இருக்க. ஆப்பில் ‘பாத்ரூம் டைல்ஸ் சீலிங் வரை’ என்று அழகாகத் தெரிந்தது எக்செல்லில் திறந்ததும் புரியாத குறிகளாக மாறிவிட்டால் பைல் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். சிஎஸ்வி பைலை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், எக்செல்லில் ‘டேட்டா’ மெனுவுக்குள் போய் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துவகையில் 65001, அதாவது யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். தமிழ் முழுதாக வந்துவிடும். உடைந்த நிலையில் ‘சேவ்’ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; அதற்குப் பிறகு மீட்பது கஷ்டம்.

14. மாற்ற எண்ணை எக்செல் தேதியாக்கிவிடும். மூன்றாவது மாற்றத்தின் இரண்டாவது திருத்தம் என்பதற்கு 3-2 என்று எண் கொடுத்திருந்தால், எக்செல் அதைப் பிப்ரவரி 3 ஆக்கிவிடும். 007 என்பது 7 ஆகிவிடும். விவரத்தின் தொடக்கத்தில் கோடு போட்டு ‘-தேக்கு நிலை கழிவு’ என்று எழுதியிருந்தால் அதை ஃபார்முலா என்று நினைத்துப் பிழை காட்டும். எண்ணும் விவரமும் உள்ள காலங்களை இறக்கும்போதே டெக்ஸ்ட் வகை என்று குறித்துவிடுங்கள். இன்னொன்று: திரையில் தெரியும் எண்ணைத் தவிர, ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் வைத்திருக்கும் உள் எண் ஒன்று உண்டு. அதையும் எடுங்கள். திரையில் தெரியும் எண்ணைப் பிறகு யாராவது திருத்தலாம். உள் எண் மாறாது.

15. இணைப்புகளை அன்றே இறக்குங்கள். கையெழுத்திட்ட தாள், மாற்றிய டிராயிங், சைட் போட்டோ இவை தகவலோடு சேர்ந்து வராது. இருக்கும் இடத்தின் லிங்க் மட்டும் வரும். அந்த லிங்க்குகள் பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்குத்தான் செல்லும். அமேசானின் எஸ்3 சேமிப்பில் இத்தகைய கையொப்ப லிங்க் அதிகபட்சம் ஏழு நாள்தான். எக்செல்லில் லிங்க்கை ஒட்டிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், ஓராண்டு கழித்துக் கிளிக் செய்யும்போது ஒன்றும் திறக்காது. தகவல் இறக்கும் அதே ஓட்டத்தில் பைல்களையும் இறக்கி, மாற்ற எண்ணின் பெயரிலேயே போல்டர் போட்டு வையுங்கள். பூச்சுக்குள்ளும் டைல்ஸுக்குப் பின்னாலும் மறைந்துவிடும் வேலைகளின் போட்டோ எதைவிடவும் முக்கியம்: பைப் போன பாதை, கம்பி கட்டிய விதம், லிண்டலை நீட்டிய இடம்.

16. மாறியதை மட்டும் எடுக்கும்போது அழிந்தது தெரியாது. ‘நேற்றுக்குப் பிறகு திருத்தியவை மட்டும்’ என்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நடுவில் யாராவது ஒரு மாற்றத்தை அழித்திருந்தால் அது இந்தப் பட்டியலில் வராது. உங்கள் எக்செல்லில் மட்டும் உயிரோடு இருக்கும். தினமும் மாறியதை எடுங்கள், மாதம் ஒருமுறை முழுவதையும் எடுங்கள். முழு இறக்கத்தில் காணாமல் போனவற்றை அழிக்காமல் ‘ஆப்பில் இல்லை’ என்று குறித்துவைத்து, ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள்.

17. டேலிக்குக் கொண்டுபோகும் முன். டேலி பிரைம் வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் வடிவில் தகவல் வாங்கிக்கொள்ளும். தேதியை 20250401 என்று இடைவெளி இல்லாமல் எட்டு இலக்கமாகக் கேட்கும். செய்ய முடியும் என்பதற்காக ஒப்புதலான எல்லா மாற்றங்களையும் வவுச்சராக ஏற்றிவிடாதீர்கள். ஒப்புதலானால் ஒப்பந்தத் தொகை கூடுகிறது, அவ்வளவுதான். ரன்னிங் பில் போட்ட பிறகே அது கணக்குக்குள் வர வேண்டும். முதலில் டேலியில் ஒரு சோதனைக் கம்பெனியைத் திறந்து அதில் ஏற்றிப் பாருங்கள். ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அசலுக்குப் போங்கள்.

18. மொத்தத்தை ஐந்து வரியில் சரிபாருங்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஜி701 என்ற சேஞ்ச் ஆர்டர் படிவம் இதற்கு அருமையான முன்மாதிரி. அதில் முதல் ஒப்பந்தத் தொகை, இதற்கு முன் ஒப்புதலான மாற்றங்களின் நிகரம், அதுவரையிலான தொகை, இந்த மாற்றம், புதிய தொகை என்று வரிசையாக வரும். அடியில் நாட்கள் எத்தனை கூடுகின்றன என்பதும், உரிமையாளர், கட்டடக் கலைஞர், ஒப்பந்தக்காரர் மூவரின் கையெழுத்தும்.

நம் வீட்டுக்கு எழுதிப் பார்ப்போம். முதல் ஒப்பந்தம் 42,00,000. இதற்கு முன் ஒப்புதலானது கூடுதல் 1,60,000, கழிவு 25,000, நிகரம் 1,35,000. அதுவரை 43,35,000. பாத்ரூம் டைல்ஸ் 7,800. புதிய தொகை 43,42,800. ஏபிஐயிலிருந்து இறக்கிய ஷீட்டின் மொத்தமும் ஆப்பின் திரையில் தெரியும் மொத்தமும் இந்த ஐந்து வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் ரவுண்டிங் என்று விட்டுவிடாமல் தேடுங்கள். ஒரு வரி விடுபட்டு, இன்னொரு வரி இரட்டித்து, இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகி நிற்பதும் உண்டு. வீட்டுக்காரர்கள் லிண்டல், ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும் இந்த ஐந்து வரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தயங்க வேண்டியதே இல்லை. ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் பில்டர் ஐந்து நிமிடத்தில் தந்துவிடுவார்.

19. எடுத்த பைல் மாறவில்லை என்று காட்ட ஒரு முத்திரை. இறக்கி முடித்ததும் அந்தப் பைலுக்கு ஷா-256 ஹாஷ் எடுத்துவையுங்கள். அது 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். பைலில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுவதும் மாறிவிடும். விண்டோஸில் பவர்ஷெல் வழியாகவே எடுக்கலாம், தனி மென்பொருள் வேண்டாம். இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பை எழுதும் இடம் உண்டு. இறக்கிய அன்றே தேதி, நேரம், யார் இறக்கியது, ஹாஷ் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டால், பிறகு வக்கீல் கேட்கும்போது தேட வேண்டியதில்லை. கை வைக்காத அசல் ஜேசான் பைலுக்கு ஹாஷ் எடுங்கள். எக்செல்லைத் திறந்து மூடினாலே சில சமயம் பைல் மாறிவிடும்.

20. எத்தனை வருடம்? செய்த வேலைக்குப் பணம் கேட்டு வழக்குப் போட, பணம் தரும் தேதி என்று எதுவும் பேசாத நிலையில், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருடம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும் புராஜெக்ட் என்றால், வீட்டை ஒப்படைத்ததிலிருந்து ஐந்து வருடம் வரை கட்டுமானக் குறைகளுக்குப் பில்டர் பொறுப்பு. ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எட்டு வருடம் வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரு பிரதி கிளவுடில், ஒன்று ஆபீஸ் ஹார்ட் டிஸ்கில். ஆப்பின் சந்தா முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே கடைசி முழு இறக்கத்தை முடித்துவிடுங்கள்.

21. வெளியே கொடுக்கும் முன் போன் நம்பரை எடுத்துவிடுங்கள். ஒப்புதல் வரலாற்றில் வீட்டுக்காரர், சப் கான்ட்ராக்டர் எல்லாருடைய போன் நம்பரும் மின்னஞ்சலும் சேர்ந்தே வரும். ஒரு வீட்டின் கணக்கை இன்னொருவருக்கு மாதிரியாகக் காட்டும்போது அந்தக் காலங்களை நீக்கிவிட்டுக் காட்டுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும். நம்மை நம்பி நம்பர் கொடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

22. வீட்டுச் சாவி கொடுக்கும்போது இதையும் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் அந்த ஆப் இருக்காது. ஜேசான் பைல் கொடுத்தால் அவரால் திறக்கவும் முடியாது. மாற்றங்களின் பட்டியலைப் பிடிஎஃப்பாகவும் எக்செல்லாகவும் போட்டு, கையெழுத்திட்ட தாள்கள், கடைசி டிராயிங், மறைந்த வேலைகளின் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, பட்டியலின் ஒரு பிரின்ட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்துப் பாத்ரூமில் கசிவு வந்து பிளம்பர் டைல்ஸை உடைக்க வரும்போது, பைப் எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு மாற்றப்பட்டது என்று அந்தப் பட்டியலையும் போட்டோவையும் பார்த்துச் சொல்லிவிடலாம்.